பாப் யாருக்கு மாமன்?

சுருளியம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். தெரியும் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம். மூன்று வருஷம் மனப்பாடம் செய்து, முதல் வகுப்பில் தேறியவள். அவள் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனாலும் கூடலூருக்கும் கம்பத்துக்கும் நடுவில், ரோட்டோரத் திராட்சைத் தோட்டத்தில், பஸ்ஸை விட்டு இறங்கிய வெள்ளைக்காரர்கள் தேடியது அவளைத்தான். என்னிடம் அவர்கள் கேட்டதெல்லாம் கழிப்பறை எந்தப் பக்கம் என்பது மட்டும்.

தேக்கடியில் யானை பார்த்துவிட்டு மதுரைக்குப் போகிற பஸ்கள் எங்கள் தோட்டத்தில் அரை மணி நேரம் நிற்கும். பந்தலுக்கு அடியில் நின்று போட்டோ எடுப்பார்கள், நாலு பழம் தின்பார்கள், கிளம்புவார்கள். தோட்டம் கருத்தக்கண்ணன் முதலாளியுடையது. அவருக்கு இங்கிலீஷில் தெரிந்த ஒரே வார்த்தை 'வெல்கம்'. அதையும் போகிறவர்களுக்குத்தான் சொல்வார். அதனால் இரண்டாயிரத்து நான்கில் இங்கிலீஷ் பேச என்னை வேலைக்கு வைத்தார். எங்கள் இராயப்பன்பட்டியில் ஆள் அனுப்பித் தேடினார் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், அவருடைய திராட்சையைக் கேரளாவுக்கு லாரி ஏற்றிவிடும் இஞ்ஞாசிமுத்து என் அம்மாவின் தம்பி. அதை அப்புறம் சொல்கிறேன்.

சுருளியம்மாள் பந்தலில் பழம் வெட்டுகிறவள். இருபத்திரண்டு வருஷமாக அண்ணாந்து பார்த்தே வேலை செய்தவள். அவளும் மற்ற பெண்களும் வேலை செய்யும்போது சொலவடை ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி சொலவடை சொன்னால் இன்னொருத்தி பதிலுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். அதோடு, முதலில் அதை யார் சொன்னது, யாரைச் சொன்னது என்று கேட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். அன்னத்தாய் ஒருநாள் "நோகாம நொங்கு தின்னானாம்" என்றாள். உடனே பந்தலின் நாலு மூலையிலிருந்தும் "யாரு சொன்னா? யாரச் சொன்னா?" என்று குரல் வந்தது. "எங்க சின்னாத்தா சொன்னது, அவ கொழுந்தனச் சொன்னது" என்றாள். செல்லும் என்று தீர்ப்பானது. ஊரும் பேரும் இல்லாத சொலவடை அந்தப் பந்தலில் செல்லாது. தப்பித் தவறிச் சொன்னவள் அன்றைக்கு எல்லோருக்கும் குடிதண்ணீர் சுமக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் ஒருநாள் இங்கிலாந்தும் வந்து மாட்டிக்கொண்டது.

தக்காளி நிறத்தில் முகமும் நல்ல தொப்பையுமாக ஒரு ஆள் தானே ஒரு குலை வெட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். சுருளியம்மாள் கத்தரியை அவர் கையில் கொடுத்தாள். பழத்தைத் தொட்டால் மேலிருக்கும் வெண்பூச்சு போய்விடும், காம்பைப் பிடித்து வெட்ட வேண்டும் என்று கையைக் காலை ஆட்டிக் காட்டினாள். அவர் வெட்டினார். குலை பூப்போலக் கையில் வந்தது. மனிதர் குதூகலமாகி, "அண்ட் பாப்ஸ் யுவர் அங்கிள்!" என்றார்.

"என்னா சொல்றாரு?" என்று சுருளியம்மாள் என்னைப் பார்த்தாள்.

எனக்கு வியர்த்தது. என் பாடத்திட்டத்தில் பாப்பும் கிடையாது, அவருடைய உறவுமுறையும் கிடையாது. "பாப் ஒங்க மாமாங்கிறாரு" என்றேன்.

"எனக்கா? எனக்கு மாமனே கெடையாதே!"

வெள்ளைக்காரரிடமே கேட்டேன். அது ஒரு பேச்சுவழக்காம். வேலை லேசாக முடிந்துவிட்டது என்று அர்த்தமாம். அதைச் சொன்னதும் சுருளியம்மாளுக்கு முகம் மலர்ந்தது. "அப்ப இது சொலவடை! யாரு சொன்னா, யாரச் சொன்னான்னு கேளு."

கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். அப்பா சொல்வார், தாத்தா சொல்வார், பாப் யாரென்று யாருக்கும் தெரியாது என்றார்.

சுருளியம்மாள் அதிர்ந்துபோனாள். "பேசுற பேச்சுக்கு அப்பன் யாருன்னு தெரியாமலா இம்புட்டு நாளாப் பேசுறாக? பாவம் புள்ள, இம்புட்டுத் தொலவு வந்திருக்காக. நாம ஒரு வழி பண்ணிவிடுவோம்." மேலே பார்த்து, இரண்டு குலை வெட்டி முடிப்பதற்குள் யோசித்துவிட்டாள். "அந்தப் பாப்புங்கிறவரு பெரிய ஆபீசரு. அக்கா மகனுக்கு ஒரு பெரிய வேல போட்டுக் குடுத்திருப்பாரு. ஊரு சும்மா இருக்குமா? 'ஒனக்கென்னப்பா, பாப்பு ஒனக்கு மாமன், எல்லாம் லேசு'ன்னு பேசியிருக்கும். அங்கன இருந்து வந்த சொலவடை இது. சொல்லு அவருகிட்ட."

"அக்கா, இங்கிலீஷ்ல அங்கிள்னா சித்தப்பாவாவும் இருக்கலாம்" என்று என் படிப்பைக் காட்டினேன்.

"சித்தப்பன் சொத்துல பங்கு கேப்பான். வேல வாங்கித் தர்றவன் தாய்மாமன்தான்."

மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் பந்தல் கம்பி ஆடியது. ஒன்று வாங்கினால் ஒன்று கொடுக்க வேண்டுமே, "அல்வா சாப்பிடுற மாதிரி" என்பதை அவள் பதிலுக்குக் கொடுத்தாள். அவர் அதை நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு இறங்கிய எந்த பஸ்ஸையும் அவள் விடவில்லை. ஆளுக்கு ஒரு சொலவடை வைத்துவிட்டுத்தான் பழம் தின்ன வேண்டும். ஒரு பாட்டியம்மா, செத்துப்போனவரை 'கிக் த பக்கெட்' என்பார்கள், வாளியை உதைத்துவிட்டார் என்று அர்த்தம் என்றார். சுருளியம்மாள் பதிலுக்கு "மண்டையப் போட்டுட்டாரு" என்பதைக் கொடுத்தாள். வாளி யாருடையது என்று பாட்டிக்குத் தெரியவில்லை. சுருளியம்மாளுக்குத் தெரிந்தது: "எருமை பால் கறக்கையில ஒதைச்சிருக்கும். ஒரு வாளிப் பாலும் போச்சு. பாத்த சம்சாரிக்கு நெஞ்சு வலி வந்து அங்கனயே போய்ட்டாரு." மழை கொட்டினால் பூனையும் நாயும் பெய்கிறது என்பார்கள் என்று ஒருவர் சொன்னார். ஒரு வீட்டுக் கூரை ஒழுகி, கூரைமேல் தூங்கிய பூனையும் அதைத் துரத்திய நாயும் சேர்ந்து மாமியார் தலையில் விழுந்த கதையை அவள் நேரில் பார்த்ததுபோல் சொன்னாள். நாள் முழுக்கச் சோபாவில் கிடந்து டி.வி. பார்ப்பவனை உருளைக்கிழங்கு என்பார்கள் என்று கேட்டபோது மட்டும் அவள் கதை எதுவும் சொல்லவில்லை. திரும்பி முதலாளியின் மச்சினன் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். பந்தலில் இருந்த பன்னிரண்டு பெண்களும் பார்த்தார்கள். அந்த ஆளுக்கு அன்றிலிருந்து ஊரில் அதுதான் பெயர்.

சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் இந்தச் சொலவடைகள் எல்லாம் ஊருக்குள் போயின. சுருளிப்பட்டியில் ஒரு பெரியவர் இறந்தபோது, கேதம் கேட்கப் போன எங்கள் பெண்கள் வாசலில் நின்று மிகுந்த துக்கத்தோடு "வாளிய ஒதைச்சிட்டாகளே!" என்று அழுதார்கள். வீட்டுக்காரர்கள் ஓடிப்போய் வாளியைத் தேடினார்கள்.

இதெல்லாம் வேடிக்கைதான். எனக்கும் சிரிப்புதான். ஆனால் அடுத்த வருஷம் சுருளியம்மாளின் கழுத்து பிடித்துக்கொண்டது. கம்பத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, கழுத்துப்பட்டை மாட்டிவிட்டு, இனி அண்ணாந்து பார்க்கிற வேலையே கூடாது, பார்த்தால் கை விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டார். திராட்சைத் தோட்டத்தில் அண்ணாந்து பார்க்காத வேலை ஏது? ஒன்றே ஒன்று இருந்தது. வந்தவர்களிடம் பேசுவது. முதலாளி வாசலில் என் மேசைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்.

அன்றிலிருந்து நான் வெறும் வாய். பேச்சு அவளுடையது. வருகிறவர்கள் கருத்து எழுதுவதற்கு ஒரு நோட்டு வைத்திருந்தோம். பக்கத்துக்குப் பக்கம் கழுத்துப்பட்டை அம்மாவைப் பற்றித்தான் எழுதினார்கள். என்னைப் பற்றி அந்த வருஷம் முழுவதும் ஒரே ஒரு வரி இருந்தது: 'மொழிபெயர்க்க ஒரு பெண்ணும் இருந்தாள்.'

அந்த 'ஒரு பெண்ணும்' எனக்குச் செரிக்கவில்லை. பஸ் அனுப்புகிற மதுரை டிராவல்ஸின் மேனேஜர் சூரியபிரகாஷ் வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வார். ஒரு வெள்ளிக்கிழமை அவரிடம், "சார், இங்க ஒரு அம்மா இங்கிலீஷ் பேச்சுக்கெல்லாம் பொய்ப் பொய்யாக் காரணம் சொல்றாங்க. வந்தவங்க குறைப்பட்டுக்கிறாங்க" என்று சொன்னேன். ஒருத்தரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. சொல்லும்போது இனித்தது. போனை வைத்ததும் கசந்தது.

அடுத்த வாரம் சனிக்கிழமை சூரியபிரகாஷ் நேரிலேயே வந்து இறங்கினார். தேய்த்த சட்டை, இடுப்பில் செல்போன், கக்கத்தில் செங்கல் தடிமனுக்கு ஒரு புத்தகம். மதுரை புதுமண்டபத்துக் கடையில் வாங்கினாராம். ஆங்கிலப் பேச்சுவழக்குகளின் பொருளும் பிறப்பும் அதில் இருந்தன.

"கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு" என்றார். "எங்க கம்பெனிக்குப் பேரு முக்கியம். இந்தம்மா சொன்ன விளக்கத்துல ஒண்ணாவது இந்தப் புத்தகத்தோட ஒத்துப்போகணும். போகலேன்னா இவங்க டூரிஸ்ட் முன்னால நிக்கக் கூடாது. நின்னா எங்க பஸ் இங்க நிக்காது."

முதலாளி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். "ஏ சுருளி, பஸ்ஸு நிக்கலேன்னா நான் என்ன பண்ணுவேன்? பழையபடி நீ பந்தலுக்குத்தான் போகணும்" என்று ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்.

சுருளியம்மாள் கழுத்துப்பட்டையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு சூரியபிரகாஷிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "கொறை சொன்னது யாரு தம்பி?"

"பேரெல்லாம் எதுக்கும்மா? போன்ல தகவல் வந்துச்சு."

அவள் "சரி" என்றாள். நான் மேசை மேலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

வெட்டுகிற வேலை அப்படியே நின்றுபோனது. பன்னிரண்டு பெண்களும் கத்தரியோடு வந்து சுற்றி நின்றார்கள். சூரியபிரகாஷ் புத்தகத்தை என்னிடமே நீட்டினார். "நீங்களே படிச்சுச் சொல்லுங்கம்மா. நீங்கதான் இங்கிலீஷ் லிட்டரேச்சர், நடுநிலையா இருப்பீங்க." சேசு மரி சூசை! பூமி பிளந்தால் நல்லது என்று நினைத்தேன். முல்லையாற்றுப் பாசனத்தில் ஊறிய பூமி, பிளக்கவில்லை.

முதலில் வாளி. புத்தகத்தில், உறுதியாகத் தெரியாது, ஆனால் இங்கிலாந்தில் சில இடங்களில் வெட்டுவதற்காகப் பன்றியைத் தொங்கவிடும் உத்தரத்துக்கு 'பக்கெட்' என்று ஒரு பெயர் உண்டு, பன்றி அதை உதைத்திருக்கலாம் என்று போட்டிருந்தது.

"ஒதைச்சது சரிதான!" என்று அன்னத்தாய் கத்தினாள். "எருமை இல்ல, பன்னி. அம்புட்டுத்தான் வித்தியாசம்!"

"தப்பு தப்புதான்" என்றார் சூரியபிரகாஷ்.

இரண்டாவது, பூனையும் நாயும். பக்கத்தைப் புரட்டினேன். ஏகப்பட்ட ஊகங்களை எழுதி, கடைசியில் பிறப்பு தெரியவில்லை என்று முடித்திருந்தார்கள்.

"தெரியலேன்னு எழுதுறதுக்கா இம்புட்டுப் பெரிய பொஸ்தகம்?" என்றாள் சுருளியம்மாள். "எங்க பந்தல்ல இவுகளத் தண்ணி சொமக்க விட்டிருப்போம்." பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கடைசி சான்ஸ்" என்றார் அவர். "வேற என்ன சொல்லியிருக்கீங்க?"

"பாப்பு" என்றாள்.

'பி' எழுத்தைத் தேடி எடுத்தேன். மனதுக்குள் படித்தேன். இன்னொரு தரம் படித்தேன். நூறு வருஷத்துக்கு மேலாயிற்றாம், ஒரு பிரதம மந்திரி இருந்தாராம். அவர் பெயரைச் சுருக்கினால் பாப். அவர் தம் உறவுப் பையனுக்கு ஒரு பெரிய பதவியைத் தூக்கிக் கொடுத்தாராம். அதிலிருந்துதான் இந்தப் பேச்சு வந்தது என்று பலர் சொல்கிறார்களாம். அந்தப் பையன் யார்? உடன்பிறந்த சகோதரியின் மகன்.

அந்த எழுத்து அங்கே இருந்தவர்களில் என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. 'இதுவும் இல்லை' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிளாஸ்டிக் நாற்காலி காலியாகிவிடும். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் என்னைப் பற்றி எழுதுவார்கள். அந்த ஆசை ஒரு நொடி எட்டிப் பார்த்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். தலையை நிமிர்த்தினேன். சுருளியம்மாள் என்னைப் பார்க்க முடியாமல், பட்டைக்குள் கழுத்து திரும்பாமல், உடம்பு மொத்தத்தையும் என் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள்.

"தாய்மாமன்!" என்று கத்திவிட்டேன். "அக்கா, தாய்மாமனேதான்! அக்காவோ தங்கச்சியோ, கூடப் பொறந்தவ மகனுக்குத்தான் வேலை போட்டுக் குடுத்திருக்காரு!"

அதன்பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. அன்னத்தாய் குலவை போட்டாள். முதலாளி பரவசத்தில் சூரியபிரகாஷின் கையைப் பிடித்துக் குலுக்கி "வெல்கம், வெல்கம்" என்றார். யாரோ என் தலையில் திராட்சையை அள்ளிப் போட்டார்கள். நேர்மை முற்றிப்போய், நான் கடைசி வரியையும் படித்துத் தொலைத்தேன்: "ஆனா இதுக்கு உறுதியான சான்று இல்லேன்னும் போட்டிருக்கு..."

"கெடக்கட்டும் புள்ள" என்றாள் சுருளியம்மாள். "மாமன் வேல வாங்கிக் குடுத்ததுக்கு எவன் சான்று எழுதி வைப்பான்?"

சூரியபிரகாஷ் புத்தகத்தை வாங்கித் தாமும் படித்தார். நம்ப முடியாமல் கேட்டார். "எப்படிம்மா தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?"

"இதுல தெரியுறதுக்கு என்னா இருக்கு? தம்பி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாதீக. இந்தக் கம்பெனி வேல ஒங்களுக்கு எப்பிடிக் கெடச்சுச்சு?"

அவர் செல்போனைத் தடவினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க மாமா கம்பெனி" என்றார். "அம்மா கூடப் பொறந்தவரு."

தோட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். முதலாளி என்னைக் காட்டி, "இந்தப் புள்ளையும் நம்ம இஞ்ஞாசிமுத்து அக்கா மகதான், அவுக சொல்லித்தான் எடுத்தேன்" என்று போட்டு உடைத்தார். ஆள் அனுப்பித் தேடிய கதை அதோடு முடிந்தது. என் சிரிப்பும் பாதியில் நின்றது.

"எங்க ஆத்தா ஒத்தப் புள்ள" என்றாள் சுருளியம்மாள், சாதாரணமாக. "எனக்குக் காது குத்தையில மாமன் மடி இல்லேன்னு ஆட்டுரல் மேல உக்கார வச்சுக் குத்துனாக. அதான், அடுத்தவுக மாமனப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். சூரியபிரகாஷ், நான், அவள் என்ற மூவரில், மாமன் இல்லாமல் அந்த இடத்துக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். அந்த நாற்காலியைப் பறிக்கத்தான் நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் என் பொய்யைச் சொல்லிவிட்டேன். அவர் பரிகாரமாக மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொல்லி விட்டுவிட்டார். அது போதவில்லை. திங்கட்கிழமை காலை, பஸ் வருவதற்கு முன், சுருளியக்கா முன்னால் போய் நின்றேன். "அக்கா, அன்னிக்குப் போன்ல..." என்று தொடங்கி, அழுகையும் மூக்குமாக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நோட்டில் இருந்த 'ஒரு பெண்ணும்' வரை சொன்னேன்.

அவள் பழக்கூடையில் சருகைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "முடிஞ்சுச்சா?"

"ஒங்களுக்குக் கோவம் வரலையா?"

"அன்னிக்கே வந்துச்சு. தோட்டத்துல போனு ஒண்ணே ஒண்ணு, அது ஒன் மேசையில இருக்கு. யாரு சொன்னான்னு பாக்காம நான் எந்தப் பேச்சத்தான் எடுத்திருக்கேன்? நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன். வந்துட்ட. போ, மூஞ்சியக் கழுவு, பஸ்ஸு வந்துருச்சு."

முப்பது பேர் இறங்கினார்கள். முதலில் வந்த ஒரு உயரமான பெண்மணி தாமாகவே ஒரு சொலவடை வைத்தார்: 'ஸ்பில் த பீன்ஸ்'. மனதில் ஒளித்து வைத்திருப்பதைக் கொட்டிவிடுவதற்கு அப்படிச் சொல்வார்களாம், பயற்றைச் சிந்திவிட்டான் என்று. எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

சுருளியம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும். ஒரு திராட்சத் தோட்டத்துல படிச்ச புள்ள ஒண்ணு இருந்துச்சு. கூட வேல பாக்குறவளப் பத்திப் போன்ல பொய் சொல்லிருச்சு. சொன்னது செரிக்கல. ஒரு வாரமாப் பயத்து மூட்டையச் சொமந்த மாதிரி சொமந்துக்கிட்டுத் திரிஞ்சுச்சு. கடசியில ஒரு திங்கக்கெழம காலையில, மூட்ட கிழிஞ்சு எல்லாத்தையும் அவ காலடியிலயே கொட்டிருச்சு. நல்ல புள்ள. பேரு ரீட்டா." என் பக்கம் உடம்போடு திரும்பினாள். "என்னா முழிக்கிற? சொல்லு அவுககிட்ட."

முப்பது பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். பெயரையும் மாற்றவில்லை.